கற்பகதருவின் கைப்பு: பனை பற்றிய எழுத்துக்களும் ஆய்வுகூட முடிவுகளும்

பனையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை ஒருங்கே வைத்துப் படிப்பவர்க்கு ஓர் ஐயம் தோன்றாமற் போகாது. ஒரு மரத்தைப் பற்றி நல்லன மட்டுமே சொல்லி இத்தனை பக்கங்களை நிரப்புதல் எவ்வாறு கூடிற்று என்பதே அவ்வையம். வேர் முதலாகக் குருத்து ஈறாகப் பயன்படாத உறுப்பு ஒன்றேனும் இல்லை என்பர், கற்பகதரு என்பர், நுங்கு, கருப்பநீர், பனங்கட்டி, பினாட்டு, ஒடியல், ஓலை, மட்டை, வளை, மரம் என்று வரிசைப்படுத்துவர். பாடசாலை மலர்களிலும் சனசமூக நிலைய வெளியீடுகளிலும் இக்கட்டுரை ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுகின்றது. எழுதுவோர் மாறுகின்றனர், கட்டுரை மாறுவதில்லை.

இவ்வரிசையில் ஒருபோதும் இடம்பெறாத செய்தி ஒன்றுண்டு. 1971 ஆம் ஆண்டிலே பிரித்தானிய நோயியற் சஞ்சிகையொன்றில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். என். அர்சகுலரத்னவும் அவரோடு பணியாற்றியோரும் எலிகளில் பனையின் நச்சு விளைவுகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நம் வீட்டு ஒடியல் மா. அம்மாவை உணவாகக் கொண்ட எலிகளுக்குக் கேடு நேர்ந்தது. அக்காலத்தும் அதனைத் தொடர்ந்தும் நிகழ்ந்த ஆய்வுகள் ஈரலைத் தாக்கும் இயல்பையும் நரம்புத் தொகுதியைத் தாக்கும் இயல்பையும் அம்மாவிற்கு உரியனவாகக் கூறின. அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. வடபுலத்தார் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த ஓர் உணவைப் பற்றிய இம்முடிவு தமிழில் விரிவாக எடுத்துரைக்கப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. மறுக்கப்பட்டிருந்தாலாவது அது படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று கிடைத்திருக்கும்.

உயிரினங்களிலிருந்து மருந்துப் பொருள்களைப் பிரித்தறியும் இரசாயனம் கடந்த நூறாண்டுகளிற் பெருவளர்ச்சி கண்டுள்ளது. அவ்வளர்ச்சியின் ஒரு கிளை நம் வேலிக்கு அப்பால் நிற்கும் மரத்திலேயே வந்து தங்கியிருக்க, நாம் அதனை எவ்வாறு எதிர்கொண்டோம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பனையின் புகழ் பாடும் கட்டுரையுமன்று, பழி கூறும் கட்டுரையுமன்று. பனை பற்றிய நம் எழுத்தும், பனை பற்றிய ஆய்வும் ஆகிய இரண்டையும் ஒரே தராசில் வைத்து நோக்கும் முயற்சி எனக் கொள்க.

முதலில் நம் எழுத்தை நோக்குவோம். பயன்களை எண்ணிக் கூறும் மரபு பழையது. 1850 இல் வில்லியம் பேர்குசன் என்பார் கொழும்பிலே வெளியிட்ட பனை பற்றிய ஆங்கில நூல், பனைக்கு எண்ணூற்றொரு பயன் கூறும் தமிழ்ச் செய்யுள் நூலொன்றைச் சுட்டுகின்றது. 'தால விலாசம்' என்பது அதன் பெயர். அதே பெயரில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் ஒரு நூல் பாடினார். செய்யுளில் இவ்வாறு பாடுதல் குற்றமன்று. புலவர் பாட்டுடைத் தலைவனைக் குறைகூறிப் பாடுவதில்லை. மரத்தைப் பாட்டுடைத் தலைவனாக்கிய இடத்தும் அம்மரபே செல்லும். குற்றம் நேர்ந்தது, இச்செய்யுள் மரபை உரைநடைக் கட்டுரையாளர் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு விஞ்ஞானம் என்று பெயரிட்ட இடத்திலாகும். எண்ணூற்றொன்று என்னும் எண் பேர்குசனிடமிருந்து பிறர்க்கும், பிறரிடமிருந்து நமக்கும் திரும்பி வந்தது. அவ்வெண்ணை எவரேனும் எண்ணிப் பார்த்தனரா என்பது வேறு.

நம் மருத்துவ நூல்கள் இவ்வாறு செய்தனவல்ல என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாண அரசர் காலத்தொடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலியவற்றையும், அவற்றை ஏட்டிலிருந்து அச்சேற்றிய ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை போன்றோர் உழைப்பையும் நாம் பெருமையோடு பேசுகின்றோம். ஆனால் அம்மரபின் அடிப்படை மனப்பாங்கை மறந்துவிடுகின்றோம். பதார்த்த குணம் கூறும் நூல்களின் இலக்கணம், ஒரு பொருளின் குணத்தோடு அதன் குற்றத்தையும் கூறுதல். இது வாதத்தை மிகுவிக்கும், இது பித்தத்தைத் தணிக்கும், இது இன்னார்க்கு ஆகாது, இதனை இன்னதனோடு சேர்த்து உண்ணலாகாது என்று அவை வரையறுத்துச் செல்லும். மருந்து செய்முறையிலோ சுத்தி என்னும் பகுதி தனியே உண்டு. நஞ்சுள்ள பொருளை நஞ்சு நீக்கியே பயன்படுத்தல் வேண்டும் என்னும் தெளிவிலிருந்து பிறந்த பகுதி அது. அவர்கள் கூறிய காரணங்கள் யாவும் இன்றைய சோதனைக்கு நிற்குமா என்பது பிறிதொரு கேள்வி. ஆயினும் பொருளின் இருபுறத்தையும் பார்க்கும் ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது. 'நம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர்' என்று எழுதுவோரிடம் அவ்வொழுக்கம் இல்லை.

இதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பனங்கொட்டை சூப்பிகள் என்று நம்மை ஏளனஞ் செய்தோர் உண்டு. ஏளனத்துக்கு உள்ளான பொருளைப் போற்றிப் பேசுதல் மானமுள்ள சமூகத்தின் இயல்பு. போர்க்காலத் தடைகளின்போது இம்மரம் சோறும் விறகும் கூரையும் தந்து நின்றதைக் கண்டவர்க்கு அதன்மீது நன்றியல்லாது வேறு உணர்ச்சி எழுதல் அரிது. எனினும் நன்றியுணர்ச்சி ஆராய்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, அதனால் இழப்படைவது மரமன்று, அம்மரத்தை உண்பவரே.

இனி இரசாயனம் தமிழுக்குப் புதியதோவெனின், அன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்ததும், 1860களில் அக்கல்வியைத் தமிழ் மொழியிலேயே நடத்தத் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களின் வரிசையில் 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலும் வெளிவந்தது. இந்திய மருந்துப் பொருள்கள் பற்றி வாரிங் தொகுத்த நூலைத் தழுவி 'இந்து பதார்த்த சாரம்' என்பதும் தமிழாக்கப்பட்டது. கிறீனின் மொழிநடையைப் பண்டிதர் மெச்சமாட்டார். கெமிஸ்தம் என்னும் தலைப்பே ஒலிபெயர்ப்பும் தமிழ் ஈறும் கூடிய ஒரு விசித்திரக் கலவை. ஆயின் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது அவருடைய திட்டத்தின் சிறப்புத் தெரிகின்றது. இரசாயனத்தை ஒரு கையிலும் உள்ளூர் மூலிகைகளின் குணத்தை மறு கையிலும் தமிழிலே பெற்ற ஒரு மாணாக்கன், ஒன்றைக்கொண்டு மற்றதைச் சோதிக்கத் தொடங்குதல் இயல்பாக நிகழ்ந்திருக்கக்கூடியது. கிறீன் 1873 இல் தாய்நாடு திரும்பினார். 1884 இல் இறந்தார். தமிழ்வழி வைத்தியக் கல்வி நின்றது. இரு நூல்களும் நூலகப் பொருள்களாயின. அவற்றுக்கிடையே பிறந்திருக்கவேண்டிய மூன்றாவது நூல் பிறக்கவில்லை.

அம்மூன்றாவது நூல் எவ்வாறிருந்திருக்கும் என்பதற்குப் பிறநாட்டுச் சான்றொன்று காட்டலாம். சீனத்து ஆய்வாளர் து யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடிய காலத்தில், மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சாறு ஒருமுறை பயன் தந்தும் மறுமுறை தராதும் போயிற்று. கீ ஹொங் என்னும் பழைய மருத்துவரின் நூலிலே, அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு சொல்லியிருந்ததை அவர் கண்டார். காய்ச்சுமாறு சொல்லப்படவில்லை. வெப்பமே மருந்துப் பொருளைச் சிதைக்கின்றதோ என ஐயுற்று, குறைந்த வெப்பத்திலே ஈதர் கொண்டு பிரித்தெடுத்தபோது 1971 இல் பயன் உறுதியாயிற்று. ஆட்டெமிசினின் என்னும் அப்பொருளுக்காக 2015 இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை அவர் வணங்கவுமில்லை, ஒதுக்கவுமில்லை. அதிற் கூறப்பட்ட செய்முறையின் ஒரு சொல்லை இரசாயனக் குறிப்பாகப் படித்தார். உரையாசிரியர் ஒரு வேற்றுமை உருபை எத்துணைக் கவனத்தோடு நோக்குவரோ, அத்துணைக் கவனத்தோடு படித்தார் எனலாம்.

இந்தக் கவனத்தோடு 1971 ஆம் ஆண்டின் மற்ற ஆய்வை, நம் ஒடியல் ஆய்வை, நோக்குவோம். ஓர் உணவு நஞ்சுடையது என்று கூறும்போது, அது எந்த நிலையில் உணவாகின்றது என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். பனங்கிழங்கைப் பிளந்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துப் பின் காயவைத்தால் புழுக்கொடியல். தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்பது புழுக்கொடியலை. ஒடியலை இடித்து மாவாக்குவர். அம்மாவையும் எவரும் அள்ளி வாயிற் போட்டுக்கொள்வதில்லை. கூழுக்காயின் மாவை நீரிற் கரைத்து ஊறவைத்து, தெளிந்த மேல்நீரை ஊற்றிவிட்டு, அடியிற் தங்கியதையே கொதிக்கும் கூழில் விடுவர். பிட்டுக்காயின் ஊறிய மாவைப் பிழிந்தெடுத்து நீராவியில் அவிப்பர். ஊறவைத்தல், நீரை மாற்றுதல், பிழிதல், அவித்தல் என்னும் இவை நான்கும் ஆய்வுகூட மொழியிற் சொல்வதாயின் நீரிற் கரைவதைப் பிரித்தகற்றலும், வெப்பத்தாற் சிதைவதைச் சிதைத்தலும் ஆகும். இச்செய்முறைகளைக் கடவாத மாவைக் கொண்டு செய்யப்படும் சோதனை, மாவின் இயல்பைப் பற்றிச் சொல்லுமேயன்றி ஒடியற்கூழின் இயல்பைப் பற்றிச் சொல்லாது. இவ்வேறுபாட்டை அழுத்திக் கூறாமற் போவது ஆராய்ச்சியின் குறையே.

எனினும் இதனை ஒரு வெற்றியாகக் கொண்டாடுதல் அவசரமாகும். 'எங்கள் பாட்டனார் தொண்ணூறு வயதுவரை ஒடியற்கூழ் குடித்தார்' என்பது நம்மவர் தயாராக வைத்திருக்கும் மறுமொழி. பாட்டனார் பற்றிய செய்தி உண்மையாயிருக்கலாம், அது சான்றாகாது. உண்டவுடன் வாந்தியெடுக்கச் செய்யும் நஞ்சை எச்சமூகமும் விரைவில் அறிந்துகொள்ளும். பல ஆண்டு கழித்து ஈரலிலோ நரம்பிலோ தோன்றும் கேட்டை, முற்பகலில் உண்ட உணவோடு எவர் தொடர்புபடுத்துவர்? பல நாடுகளில் மதனங்காய் இனத்தின் விதையை ஊறவைத்து மாவாக்கி உண்ட மக்கள் அதன் உடனடி நஞ்சை நீக்க அறிந்திருந்தனர். அதிலுள்ள சைக்காசின் என்னும் பொருள் எலிகளிற் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1960களிலேயே வெளிப்பட்டது. அனுபவம் மிகச் சிறந்த ஆசிரியர்தான். ஆனால் அவ்வாசிரியரின் கண் அண்மையில் உள்ளதையே தெளிவாகக் காணும்.

பின் நிகழ்ந்தவை சுருக்கமானவை. 1980 இல் இங்கிலாந்திலே கிறெய்க் முதலியோர் இந்நச்சுப் பொருளைப் பகுதியளவில் தூய்மைப்படுத்தி, எலிகளில் அதன் விளைவைப் பதிவு செய்தனர். 2004 இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் குழுவினர் ஒடியல் மாவின் நரம்பு நச்சியல்பை மீளாய்வு செய்தனர். மாவை 80 பாகை செல்சியசில் 45 நிமிடம் சூடாக்கினால் அவ்வியல்பு நீங்குகின்றது என்பது அவர்களது முடிவின் சாரம். சீனத்துச் செடியில் வெப்பம் மருந்தைக் கெடுத்தது. நம் கிழங்கில் வெப்பம் நஞ்சைக் கெடுக்கின்றது. அங்கே பழைய நூலின் ஒரு சொல் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. இங்கே ஆராய்ச்சி முப்பத்துமூன்று ஆண்டு சுற்றி வந்து அடுப்படியிற் கால் வைத்தது. அடுப்படியில் நின்றவர்க்கோ அச்செய்தி சென்றடையவில்லை.

கிழங்கை விடுத்துப் பழத்துக்கு வந்தால் ஆராய்ச்சியின் செழுமையும் அதன் தடுமாற்றமும் ஒருங்கே புலப்படுகின்றன. பனம்பழத்தில் ஒரு காறல் உண்டு. எல்லா மரத்துப் பழமும் ஒன்றுபோற் காறுவதில்லை. இந்த மரத்துப் பழம் பணியாரத்துக்கு ஆகும், அந்த மரத்துப் பழம் மாட்டுக்கு ஆகும் என்று வீட்டிலுள்ளோர் மரத்துக்கு மரம் பிரித்துச் சொல்வர். 1990களில் ஜான்ஸ் குழுவினர் இக்கைப்பின் காரணத்தை ஆராய்ந்தனர். கைப்புப் பொருள்கள் சபோனின் வகையின எனவும், ஸ்டீரொயிட் கருவோடு வெல்லத் துணுக்குகள் இணைந்து அமைந்தன எனவும் அறியப்பட்டது. பனையின் தாவரவியற் பெயரின் பின்பாதியிலிருந்து அவற்றுக்கு பிளபெலிபெரின்கள் என்று பெயர் சூட்டினர்.

சபோனின் என்னும் சொல் சவர்க்காரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நீரில் நுரைப்பதே அவ்வினத்தின் அடையாளம். யாழ்ப்பாணத்திலே சவர்க்காரம் கிடைக்காத தடைக்காலத்திற் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் தாயரும் பாட்டியரும் தடை எதுவும் இல்லாத காலத்திலேயே அவ்வாறு செய்தவர்கள்தாம். அப்பழக்கமும் இவ்விரசாயனமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பனைக் கட்டுரை எழுதும் நம்மவர் துணி தோய்த்தலைப் பயன்களின் பட்டியலில் ஓர் எண்ணாகச் சேர்ப்பர். ஏன் நுரைக்கின்றது என்று கேட்டிருந்தால், பட்டியல் அந்த இடத்தில் நின்று ஆராய்ச்சியாகத் திரும்பியிருக்கும்.

கைப்பைப் பற்றிய ஆய்வின் முதல் நோக்கம் அதனை ஒழிப்பதாகவே இருந்தது. கைப்பு நீங்கினால் பழக்களியைப் பாணமாகவும் பழப்பாகாகவும் விற்கலாம் என்னும் எண்ணத்தில், நறிங்கினேசு என்னும் நொதியத்தைக் கொண்டு கைப்பகற்றும் முறையை வகுத்தனர். தோடை இனப் பழச்சாறுகளின் கைப்பை நீக்க உதவும் நொதியம் அது. வெல்லத் துணுக்கை வெட்டிவிட்டால் கைப்புச் சுவை மறைகின்றது. அதன் பின்னர் ஆராய்ச்சி எதிர்த்திசையில் திரும்பிற்று. கைப்புள்ள களியை உண்ட சுண்டெலிகளின் உடல் நிறை குன்றியது. கைப்பகற்றிய களியை உண்டவற்றில் அவ்வாறு நிகழவில்லை என 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2006 இலும் அதனையடுத்தும் வந்த கட்டுரைகள், இப்பொருள்கள் குடலில் ஏரிபீயேசு என்னும் நொதியத்தின் தொழிலைத் தடுத்து, குளுக்கோசு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன என்று காட்டின. இவ்வினத்துள் வேறொரு பொருள் மதுவங்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் முன்னரே காணப்பட்டிருந்தது. நேற்றுவரை குறையாக எண்ணி வெட்டியெறிந்த வெல்லத் துணுக்கு, இன்று நீரிழிவுக்கு மருந்தாகலாமோ என ஆராயும் பொருளின் ஒரு பகுதி ஆயிற்று.

இத்திருப்பத்தைக் குறையாகக் கூறுதல் தகாது. இயற்கைப் பொருள் இரசாயனத்தின் வரலாறே இவ்வாறானது. விதறிங் 1785 இல் எழுதிய டிஜிற்றாலிசும் ஸ்டீரொயிட் கருவும் வெல்லமும் சேர்ந்த பொருள்களையே உடையது. அளவு மீறினால் இதயத்தை நிறுத்தும், அளவறிந்தால் இதயத்தைக் காக்கும். தாவரம் தன்னை உண்ண வருவதைத் தடுக்கவே கைப்பையும் நஞ்சையும் உண்டாக்கிக்கொள்கின்றது என்பர். நம் உடலில் ஏதோ ஒன்றைத் தடுத்து நிறுத்த வல்லதாகையாலேயே அது நஞ்சாகின்றது, அதனாலேயே மருந்துமாகின்றது. சர்ப்பகந்தாவிலிருந்து 1952 இல் சுவிற்சர்லாந்திற் பிரித்தெடுக்கப்பட்ட றிசேர்ப்பினும் குருதி அமுக்கத்தைக் குறைத்த அதே வேளையில் மனச்சோர்வை விளைப்பது என்று பின்னர்க் குற்றஞ்சாட்டப்பட்டது. இருபுறமும் கூராத வாள் மருந்துலகில் அரிது.

குறை காணவேண்டிய இடம் வேறு. பேராதனையிலே சுல்தான்பாவா, சோதீஸ்வரன் முதலியோர் நம் நாட்டுத் தாவரங்களின் இரசாயனத்தை உலகறியச் செய்தவர்கள். அவர்களது புகழ்பெற்ற பணிகளுட் பெரும்பகுதி ஈரவலயக் காட்டு மரங்களைப் பற்றியது. புதிய மூலக்கூறுகளை அங்கே அவர்கள் கண்டனர். வரண்ட வடபுலத்து மரத்துக்கு அத்தகைய நீடித்த இரசாயன ஆய்வு வாய்த்தது ஜான்ஸ் குழுவினராலேயே எனலாம். அவ்வாய்வில் உடற்றொழிலியல் மிகுதி. மூலக்கூற்றின் முழு அமைப்பை நிறுவும் பகுதி அதனோடு ஒப்பிடக் குறைவு. 2007 இல் யப்பானிலே கியோத்தோ மருந்தியற் பல்கலைக்கழகத்து யொசிக்காவாவும் பிறரும் ஆண்பனையின் பூவை ஆராய்ந்து, பொறசோசைட்டு ஏ முதல் எவ் வரையான ஆறு புதிய ஸ்டீரொயிட் சபோனின்களின் அமைப்பை நிறுவினர். அதே கட்டுரையில், அப்பூவிலிருந்து கிடைத்த டயோசின் என்னும் பொருள் எலிகளில் குருதி வெல்லம் ஏறுவதைத் தடுப்பதையும் கூறினர். இதே யொசிக்காவாவே 1997 இல் கொத்தல ஹிம்புட்டு என்று சிங்கள மக்கள் வழங்கும் கொடியிலிருந்து சலசினோல் என்னும் நீரிழிவெதிர்ப் பொருளை வெளிப்படுத்தியவர். அக்கொடியின் தண்டைக் கடைந்து செய்த கோப்பையில் இரவு முழுதும் நீர் ஊற்றிவைத்துக் காலையிற் பருகுதல் இந்நாட்டு வழக்கம். வழக்கம் இங்கிருந்தது, மூலக்கூறு அங்கிருந்து வந்தது. இதனைக் களவு என்று கூக்குரலிடுவோர் உளர். வழக்கத்தைக் கொண்டு வணிக உரிமை கோருவார் மீது அக்கூக்குரல் பொருந்தலாம். நாம் கேளாத கேள்வியைக் கேட்டவர் மீது அது பொருந்தாது.

நம் பக்கத்திலோ நிறுவனங்கள் இல்லாமலில்லை. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கைதடியில் சித்த மருத்துவக் கல்வியும் பனை ஆராய்ச்சியும் நடைபெறுகின்றன. விஞ்ஞானபீடத்து மாணவர் தம் ஆய்வேடுகளுக்குப் பனையை எடுத்துக்கொள்வதும் உண்டு. அவை யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அலுமாரியை அடைகின்றன. ஆங்கிலத்தில் எழுதுதல் தவறன்று. உலகம் படிக்கவேண்டுமாயின் அம்மொழியில் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஆய்வு யாருடைய உணவைப் பற்றியதோ, யாருடைய நோயைப் பற்றியதோ, அவர்க்கும் படிக்கக் கிடைத்தல் வேண்டாமா? தமிழ்த்துறையினர் கலைச்சொல் மாநாடு கூட்டி ஸ்டீரொயிட்டா தெரோயிட்டா என வாதிடுவதோடு அமைகின்றனர். கெமிஸ்தம் என்று துணிந்து தலைப்பிட்டு நூலை முடித்தவரிடம் நாம் கற்கவேண்டியது சொல்லாக்கத்தையன்று, அந்தத் துணிவையே.

தமிழில் எழுதாமையின் விளைவு வெறுமை மட்டுமன்று. அவ்வெறுமையை வதந்தி நிரப்புகின்றது. பனையில் நீரிழிவுக்கு மருந்து உண்டு என்னும் பாதிச் செய்தி ஆய்விதழ்களிலிருந்து கசிந்து வந்துவிட்டது. அதனைக் கேட்டவர் பனங்கட்டியை நீரிழிவுக்காரர்க்கு உகந்தது என்று பரிந்துரைக்கின்றனர். பனங்காய்ப் பணியாரத்தை மருந்தென்று சொல்லி இரண்டு கூடுதலாக உண்கின்றனர். ஆய்வு சொன்னது பழத்தின் கைப்பைப் பற்றி. இவர்கள் உண்பது கருப்பநீரின் இனிப்பை. பணியாரத்திலோ களியோடு சீனியும் எண்ணெயும் சேர்ந்துவிடுகின்றன. பினாட்டைப் பொறுத்தவரை 2008 இல் ஒரு முன்னோடி ஆய்வு நீரிழிவுக்காரரிடையே நடத்தப்பட்டு, உணவின் பின் குருதி வெல்லத்தில் நன்மை காணப்பட்டது. முன்னோடி ஆய்வு என்பதன் பொருள் சிறிய அளவினது, மேலும் ஆராயத் தூண்டுவது என்பதாகும். பினாட்டில் வெல்லமும் உண்டு, கைப்பும் உண்டு. பாணிப் பினாட்டில் வெல்லம் இன்னும் கூடும். மரத்துக்கு மரம் கைப்பின் அளவு வேறுபடும். ஒரு துண்டுப் பினாட்டில் உள்ள பிளபெலிபெரின் எவ்வளவு என்று தெரியாமல் அதனை மருந்தென்று கொடுத்தல், சுத்தியறியாது மருந்தரைத்த குறைவைத்தியரின் செயலையே ஒக்கும்.

ஒடியலிலும் இவ்வாறே ஒரு கணக்கு எஞ்சி நிற்கின்றது. ஒடியல் மா இன்று பொதியில் அடைக்கப்பட்டு, நம்மவர் குடியேறிய நாடுகளின் கடைகளிலும் விற்கப்படுகின்றது. அதனை வாங்குவோருட் பலர் பாட்டியரின் அருகிருந்து கூழ் காய்ச்சப் பழகாதவர்கள். மேல்நீரை ஊற்றுவது கைப்பை நீக்க என்று மட்டுமே கேள்விப்பட்டவர்கள், கைப்பைப் பொறுத்துக்கொள்வோமெனில் அச்செயல் வேண்டா என்று கருதுதல் கூடும். இனி, ஆய்வு கூறிய அளவு 80 பாகையில் 45 நிமிடம். கூழ் காய்ச்சுகையில் மீனும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்த பின்னரே மாக்கரைசலை விடுவர். விட்டதும் கூழ் தடித்துவிடும், அடிப்பிடிக்குமுன் இறக்கிவிடுவர். கொதிநிலை 80 பாகையிலும் மிகுதி. நேரமோ 45 நிமிடத்திலும் மிகக் குறைவு. அவ்வெப்பமும் அந்நேரமும் கூடி நஞ்சு முற்றும் நீங்குகின்றதா, ஊறவைத்த நீரோடு எவ்வளவு செல்கின்றது, ஒருமுறை ஊற்றினால் போதுமா, இருமுறை வேண்டுமா என்பன ஓர் அடுப்பும் வெப்பமானியும் சில கிழமை உழைப்பும் கொண்டு விடைகாணத் தொடங்கக்கூடிய வினாக்கள். விஞ்ஞானபீட மாணவர் ஒருவரும் ஒடியற்கூழ் காய்ச்சத் தெரிந்த ஒரு மூதாட்டியும் ஒரே அடுப்பங்கரையில் இருந்தாற் போதும். யார் கேட்கின்றார், யார் சொல்கின்றார் என்பது சில நாழிகையில் மாறிவிடும்.